நீரின் அழுத்தம் கண்ட பாஸ்கல்

தோற்றுவாய்

கோயம்புத்தூருக்கு வடகிழக்கே, சத்தியமங்கலம் செல்லும் சாலையில், சரவணம்பட்டி என்னும் ஊர் உள்ளது. இந்நாளில் அது கோவை மாநகரின் ஒரு பகுதியாய், உயர்ந்த கட்டடங்கள் நிறைந்து விளங்குகின்றது. முன்னாளிலோ அவ்வூரும் அதன் சுற்றுப்புறமும் மேட்டுக் காடுகளும் கிணற்றுத் தோட்டங்களுமாக இருந்தன. கொங்கு நாட்டில் மழை குறைவு. ஆதலின் உழவர் பாறையைப் பிளந்து ஆழமான கிணறுகளை வெட்டினர்; எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்துப் பயிரைக் காத்தனர். 1932ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் கொங்கு நாட்டில் மின்சாரம் பரவிற்று. நாளடைவில் கவலை ஏற்றத்தின் இடத்தை மோட்டாரும் பம்பும் பெற்றன.

அக்காலத்துக் கிணறுகளை உற்று நோக்கியவர்கள் ஒரு செய்தியைக் கண்டிருப்பார்கள். மோட்டாரும் பம்பும் கிணற்றின் கரைமேல் இருப்பதில்லை. கிணற்றின் உள்ளே, நீர் மட்டத்திற்குச் சிறிது மேலே, பக்கச் சுவரை ஒட்டி அமைத்த மேடை ஒன்றின்மேல் அவை இருக்கும். மழை பெய்து நீர் ஏறினால், மோட்டார் மூழ்கிவிடாமல் உழவர் அதனைக் கயிறு கட்டி மேலே தூக்குவர். கோடையில் நீர் வற்றினால் மீண்டும் கீழே இறக்குவர். இவ்வளவு தொல்லை எதற்கு? கரைமேலேயே பம்பை நிறுத்தி, நீளமான குழாயைக் கிணற்றினுள் விட்டு நீரை உறிஞ்சலாகாதா?

ஆகாது. எத்துணை வலிமை வாய்ந்த மோட்டாரைப் பூட்டினாலும், தான் நிற்கும் இடத்திற்குக் கீழே ஏழு அல்லது எட்டு மீட்டர் ஆழத்திற்கு மேல் அவ்வகைப் பம்பு நீரை உறிஞ்ச மாட்டாது. பம்பினுள் வந்துவிட்ட நீரை மேல்நோக்கித் தள்ளுவதற்கோ இத்தகைய எல்லை இல்லை. இதன் காரணத்தை உலகிற்கு ஐயமற விளக்கிக் காட்டியவர்களுள் முதன்மையானவர் பிளேயிஸ் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர். அவர் வாழ்ந்தது 39 ஆண்டுகளே. அவற்றிலும் பெரும்பகுதியை நோயோடு கழித்தார். எனினும் அவர் கண்ட உண்மை கொங்கு நாட்டு உழவரின் கிணறுவரை வந்து நிற்கின்றது.

பிறப்பும் இளமையும்

பாஸ்கல் 1623ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் பிரான்சு நாட்டின் நடுப்பகுதியிலுள்ள கிளெர்மோன் என்னும் நகரில் பிறந்தார். அந்நகரின் அருகே புய் தெ தோம் என்னும் மலை ஓங்கி நிற்கின்றது. பிற்காலத்தில் அம்மலையே அவருடைய புகழுக்குச் சான்றாயிற்று. தந்தையார் எத்தியேன் பாஸ்கல் அரசாங்கத்தில் வரித்துறை அலுவலர், கணிதத்தில் வல்லவர். கில்பெர்த் என்னும் தமக்கையும் ஜாக்குலின் என்னும் தங்கையும் பாஸ்கலுக்கு உடன்பிறந்தோர். அவருக்கு மூன்று வயது நிரம்பிய காலத்தில் தாயார் இறந்தார். தந்தையார் மறுமணம் செய்துகொள்ளாமல், மக்கள் மூவரையும் தாமே வளர்த்துத் தாமே கல்வியும் கற்பித்தார். 1631இல் அக்குடும்பம் பாரிசு நகரில் குடியேறியது.

முதலில் மொழிகளைக் கற்ற பின்னரே கணிதத்தைக் கற்கவேண்டும் என்பது தந்தையாரின் கருத்து. கணிதத்தின் சுவையை அறிந்துவிட்டால் மகன் இலத்தீனும் கிரேக்கமும் பயில மறுப்பான் என்று அவர் அஞ்சினார். ஆதலால் கணித நூல்களை மகன் கண்ணில் படாமல் மறைத்து வைத்தார். ஆனால் அணையிட்டுத் தடுத்த நீர் வேறு வழி தேடுவதுபோல், சிறுவனின் அறிவும் வழி தேடியது. ஓய்வு நேரத்தில் அவன் தரையில் கரித்துண்டால் வட்டமும் கோடும் வரைந்து, அவற்றிற்குத் தானே பெயரிட்டு ஆராயத் தொடங்கினான். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பதை அவன் தானாகவே ஆராய்ந்து கொண்டிருந்தபோது, தந்தையார் கண்டார். அப்போது அவனுக்கு வயது 12. வியப்பும் மகிழ்ச்சியும் மேலிட, அவர் தம் தடையை நீக்கி யூக்ளிடின் வடிவியல் நூலை மகன் கையில் கொடுத்தார். இச்செய்தியைத் தமக்கையார் கில்பெர்த் தாம் எழுதிய தம்பியின் வரலாற்றில் குறித்துள்ளார்.

தந்தைக்கு உதவிய மகன்

1640ஆம் ஆண்டில் தந்தையார் ரூவான் என்னும் நகரின் வரி அலுவலராக அமர்ந்தார். வரிக் கணக்குகளைக் கூட்டியும் கழித்தும் அவர் இரவு நெடுநேரம் விழித்திருப்பதை மகன் கண்டான். அத்துன்பத்தைப் போக்க எண்ணிப் பற்சக்கரங்களால் இயங்கும் கணக்குப் பொறி ஒன்றை அமைக்க முற்பட்டான். அப்பொழுது அவனுக்கு வயது 19. கொல்லரும் கடிகாரக் கைவினைஞரும் செய்து தந்த உறுப்புகள் பலமுறை பிழைபட்டன. அவனோ தளரவில்லை. ஏறத்தாழ ஐம்பது மாதிரிகளைச் செய்து பார்த்த பின்னரே பொறி அவன் மனத்திற்கு ஒத்ததாக அமைந்தது. எண்ணியதைச் செய்து பார்த்தே தெளிய வேண்டும் என்னும் பண்பு அவரிடத்தில் வேரூன்றியது இம்முயற்சியினால்தான் எனலாம்.

ஆனால் அம்முயற்சி அவருடைய உடல்நலத்தை மிகவும் கெடுத்தது. பதினெட்டு வயதிற்குப் பின் வலியில்லாத நாள் ஒன்றேனும் அவர் கண்டதில்லை என்று தமக்கையார் எழுதியுள்ளார். தலைநோயும் வயிற்று நோயும் அவரை வாட்டின. 1647இல் கால்கள் செயலிழந்து, சிலகாலம் ஊன்றுகோலின் துணையின்றி நடக்க இயலாதவராய் இருந்தார். அவ்வாண்டில்தான் அவருடைய பெரும் ஆராய்ச்சியும் வளர்ந்து வந்தது.

பம்பின் புதிர்

பம்பு ஏறத்தாழப் பத்து மீட்டருக்கு மேல் நீரை உறிஞ்சாது என்பதை இத்தாலி நாட்டுத் தொழிலாளர் அனுபவத்தில் அறிந்திருந்தனர். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். காரணம் மட்டும் விளங்கவில்லை. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கின்றது. அதனால்தான் பம்பினுள் காற்றை நீக்கியதும் நீர் ஓடிவந்து அவ்விடத்தை நிரப்புகின்றது என்று அக்காலத்து அறிஞர் நெடுங்காலமாகக் கற்பித்து வந்தனர். பழம்பெரும் ஆசிரியர்களின் பெயரால் வழங்கிய இக்கொள்கையை மறுத்துப் பேசுவோர் மிகச் சிலரே. இயற்கை வெற்றிடத்தை வெறுப்பது உண்மையானால், அவ்வெறுப்பு பத்து மீட்டரோடு நின்றுவிடுவது ஏன்? இதற்கு அவர்கள் தக்க விடை கூறவில்லை.

கலிலியோவின் மாணவராகிய டாரிசெல்லி 1644இல் ஒரு வழி கண்டார். நீரினும் பதின்மூன்று மடங்கிற்கு மேல் கனமுள்ள பாதரசத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, அதனைப் பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தச் செய்தார். குழாயிலுள்ள பாதரசம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. அதன்மேல் வெற்றிடம் தோன்றியது. வெளியிலுள்ள காற்றின் எடையே பாதரசத்தைத் தாங்கி நிற்கின்றது என்று அவர் கருதினார். ஆனால் அதனை ஐயமற நிலைநாட்டும் முன்னரே 1647இல் இறந்தார்.

இவ்வாய்வைப்பற்றிய செய்தி 1646இல் ரூவானுக்கு எட்டியது. அந்நகர் கண்ணாடித் தொழிலில் சிறந்தது. பாஸ்கல் அங்கே பதினைந்து மீட்டர் அளவுள்ள நெடுங்குழாய்களைச் செய்வித்து, அவற்றைக் கப்பலின் பாய்மரத்தில் கட்டி நிமிர்த்தி, பலர் காண ஆய்வு நடத்தினார். ஒரு குழாயில் நீரும் மற்றொன்றில் திராட்சை மதுவும் இருந்தன. குழாயின் மேற்பகுதியில் தோன்றுவது வெற்றிடம் அன்று, திரவத்திலிருந்து எழும் ஆவியே அதனை நிரப்புகின்றது என்பது எதிர்ப்பக்கத்தாரின் வாதம். அவ்வாறாயின், எளிதில் ஆவியாகும் மது நீரைவிடத் தாழ்ந்து நிற்கவேண்டும். நிகழ்ந்ததோ வேறு. நீர் ஏறத்தாழப் பத்து மீட்டர் உயரத்தில் நின்றது. நீரைவிட எடை குறைந்த மது அதனினும் சற்று உயர்ந்து நின்றது. கனமான திரவம் தாழ்ந்தும் கனம் குறைந்த திரவம் உயர்ந்தும் நிற்குமாயின், அவற்றைத் தாங்குவது ஏதோ ஒரு வரையறுத்த எடையாகவே இருத்தல் வேண்டும்.

மலையே சான்றாயிற்று

இவ்வளவு கண்ட பின்னும் பாஸ்கல் பழைய கொள்கையைப் பொய் என்று உடனே அறிவிக்கவில்லை. நெடுங்காலம் வழங்கிய கருத்தை நீக்குமுன் மறுக்கவியலாத சான்று வேண்டும் என்று கருதினார். காற்று ஒரு கடல் போன்றது. நாம் அதன் அடியில் வாழ்கின்றோம். கடலின் அடியில் நீரின் அழுத்தம் மிகுதி. மேலே வரவரக் குறைவு. காற்றிற்கும் எடை உண்டாயின், மலையுச்சியில் அதன் அழுத்தம் குறைந்து பாதரசம் தாழவேண்டும். பாதரசத்தைத் தாங்குவது வெற்றிடத்தின்மேல் கொண்ட வெறுப்பாயின், அடிவாரத்தில் மிகுதியாக வெறுக்கும் இயற்கை மலையுச்சியில் குறைவாக வெறுக்கும் என்று கூற யாரும் துணியார். ஆகவே மலையுச்சியே இவ்வழக்கைத் தீர்க்கும் மன்றம் என்று அவர் முடிவு செய்தார்.

ஆனால் நோயுற்ற அவரால் மலையேறல் இயலாது. கிளெர்மோனில் வாழ்ந்த தம் தமக்கையின் கணவர் பிளோரின் பெரியேவுக்கு 1647ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் திருமுகம் எழுதி, புய் தெ தோம் மலைமீது இவ்வாய்வை நிகழ்த்துமாறு வேண்டினார். அலுவலும் பனியும் மேகமும் தடுத்தமையால் ஏறத்தாழப் பத்துத் திங்கள் கழிந்தன. பாரிசில் இருந்த பாஸ்கல் பொறுமையோடு காத்திருந்தார்.

1648ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் காலை வானம் தெளிந்தது. மைத்துனர் அந்நகரத்துப் பெரியோர் சிலரை உடன் அழைத்துக்கொண்டார். முதலில் நகரின் தாழ்ந்த பகுதியிலுள்ள ஒரு மடத்தின் தோட்டத்தில் இரண்டு குழாய்களை நிறுத்தி அளந்தார். இரண்டிலும் பாதரசம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர் உயரம் நின்றது. ஒரு குழாயை அங்கேயே நிறுத்தி, நாள் முழுதும் அதனைக் கவனிக்க ஒரு துறவியாரை அமர்த்தினார். மற்றொரு குழாயுடன் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் மேலேறி, உச்சியில் மீண்டும் அளந்தார். பாதரசம் ஏறத்தாழ 63 சென்டிமீட்டரே நின்றது. கண்டோர் அனைவரும் வியப்பில் ஆழ்ந்தனர். வெட்டவெளியிலும் கூரையின் கீழும், காற்று வீசும்போதும் மூடுபனி சூழும்போதும் அளந்து பார்த்தனர், அளவு மாறவில்லை. இறங்கும் வழியில் அளந்தபோது பாதரசம் இடைப்பட்ட உயரத்தில் நின்றது. மடத்தில் வைத்த குழாயில் நாள் முழுதும் மாற்றமே இல்லை என்று துறவியார் கூறினார். செய்தி அறிந்த பாஸ்கல், பாரிசில் ஓர் உயர்ந்த கோபுரத்தின் அடியிலும் உச்சியிலும் தாமே அளந்து, அங்கும் சிறிது வேறுபாடு உண்டெனக் கண்டார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலைப்பாதையில் செல்வோரின் காது இடையிடையே அடைத்துத் திறப்பதும் இக்காரணத்தாலேயே. மலைமீது ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. பம்பு நீரை இழுப்பதில்லை. கிணற்று நீரின்மேல் காற்று அழுத்துவதாலேயே நீர் குழாயில் ஏறுகின்றது. காற்றால் ஏறத்தாழப் பத்து மீட்டர் நீரையே தாங்க முடியும். குழாயில் ஏற்படும் உராய்வு முதலியவற்றால் அவ்வளவும் பயனுக்கு வருவதில்லை. ஏழு அல்லது எட்டு மீட்டரே கிடைக்கின்றது. கொங்கு நாட்டு உழவர் பம்பைக் கிணற்றினுள் இறக்கியதன் காரணம் இதுவே.

நீரின் இயல்பு

காற்றின் அழுத்தத்தை ஆராய்ந்த பாஸ்கல், அதற்கு அடிப்படையாகிய திரவங்களின் அழுத்தத்தையும் முறையாக ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். நெதர்லாந்து நாட்டு ஸ்டெவின் என்பார் 1586லேயே இத்துறையில் சில உண்மைகளைக் கண்டிருந்தார். பாஸ்கல் அவற்றை விரித்து, எல்லாவற்றையும் ஒரே நெறியின்கீழ்க் கொண்டுவந்தார்.

திரவத்தின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்ததே அன்றிப் பாத்திரத்தின் வடிவத்தையோ நீரின் மொத்த அளவையோ பொறுத்ததன்று என்பது அவர் விளக்கிய முதல் உண்மை. பரந்த ஏரியில் ஐந்து மீட்டர் ஆழத்திலும், குறுகிய கிணற்றில் ஐந்து மீட்டர் ஆழத்திலும் நீரின் அழுத்தம் ஒன்றே. பத்து மீட்டர் ஆழம் செல்லும்தோறும் ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டர்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்தம் கூடுகின்றது. அணையின் அடிப்பகுதியை அகலமாகவும் மேற்பகுதியைக் குறுகலாகவும் கட்டுவதும், ஊர்க் குடிநீர்த் தொட்டியை உயரத்தில் அமைப்பதும் இதனாலேயே. பைக்காரா மின்நிலையத்தில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து நீர் குழாய்களின் வழியே இறங்குகின்றது. அங்குக் குழாயின் அடியில் ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டர்மீதும் தொண்ணூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட அழுத்தத்தை நீர் பெறுகின்றது. அவ்வாற்றலே சக்கரங்களைச் சுழற்றி மின்சாரம் ஆகின்றது.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கங்களிலும் பரவும் என்பது இரண்டாவது உண்மை. நீர் நிறைந்த ஒரு பாத்திரத்தில் இரண்டு வாய்கள் உள்ளன என்று கொள்வோம். ஒன்று மற்றொன்றைவிட நூறு மடங்கு பெரியது. இரண்டிலும் நீர் கசியாதவாறு மூடிகள் பொருந்தியுள்ளன. சிறிய மூடியை ஒருவன் அழுத்தினால், பெரிய மூடியை நூறு பேர் அழுத்தும் விசைக்கு அவன் ஒருவனே ஈடுகொடுப்பான். இது கேட்போர்க்கு மாயம்போல் தோன்றும். ஆயின் இயற்கை எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. பெரிய மூடி ஓர் அங்குலம் உயர, சிறிய மூடி நூறு அங்குலம் இறங்கவேண்டும். விசையில் பெற்ற ஆதாயத்தைத் தொலைவில் ஈடு செய்தல் வேண்டும் என்பதையும் பாஸ்கல் தெளிவாகவே எழுதியுள்ளார். இந்நெறியைக் கொண்டு இங்கிலாந்து நாட்டுப் பிராமா என்பார் 1795இல் நீரழுத்தப் பொறியை அமைத்தார். பழுதுபார்க்கும் நிலையங்களில் மோட்டார் வண்டிகளைத் தூக்கும் பொறியும், ஓட்டுநர் காலால் மிதித்ததும் நான்கு சக்கரங்களையும் ஒருங்கே பற்றும் தடைக் கருவியும் இந்நெறியின் பயன்களே.

இறுதி நாட்கள்

1654இல் பெர்மா என்னும் அறிஞருடன் கடிதங்கள் வாயிலாக ஆராய்ந்து, நிகழ்தகவுக் கணிதத்திற்குப் பாஸ்கல் அடிகோலினார். அவ்வாண்டின் இறுதியில் அவருடைய உள்ளம் சமய வாழ்வில் ஆழ்ந்தது. நீரழுத்தம்பற்றிய நூலை எழுதி முடித்தும் அதனை வெளியிடாமலே வைத்திருந்தார். தம் செல்வத்தையும் காலத்தையும் ஏழையர்க்குச் செலவிட்டார். 1662ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாரிசு நகரில், சிறு கட்டணம் கொடுத்துப் பலரும் ஏறிச் செல்லும் குதிரை வண்டிகள் அவருடைய முயற்சியால் ஓடத் தொடங்கின. அதில் தமக்கு வரும் வருவாயை வறியவர்க்கு அளிக்க அவர் விரும்பினார்.

அவ்வாண்டிலேயே ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. ஏழைக் குடும்பம் ஒன்றுக்குப் பாஸ்கல் தம் வீட்டிலேயே இடம் கொடுத்திருந்தார். அக்குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்கு அம்மை கண்டது. அப்போது பாஸ்கலும் கடும் நோயுற்றிருந்தார். அவரைக் காண நாள்தோறும் வரும் தமக்கையாரின் பிள்ளைகளுக்கு அந்நோய் தொற்றிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. அக்குடும்பத்தை வேறிடத்திற்கு அனுப்புவதே எளிய வழி. ஆனால் நோயுற்ற பிள்ளையை வெளியேற்றினால் அதன் உயிருக்கு ஊறு நேரும் என்று பாஸ்கல் அஞ்சினார்; தமக்கு அத்தகைய இடர் இல்லை என்று கூறித் தாமே வீட்டை விட்டுத் தமக்கையார் இல்லம் சென்றார். பின்னர் அவர் தம் வீட்டிற்குத் திரும்பவே இல்லை. 1662ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் தம் 39ஆம் வயதில் தமக்கையார் இல்லத்திலேயே உயிர் நீத்தார். நீர், காற்று ஆகியவற்றின் அழுத்தம்பற்றி அவர் எழுதியிருந்த நூல் மறு ஆண்டில் வெளிவந்தது.

முடிவுரை

அழுத்தத்தை அளக்கும் அலகிற்கு 1971ஆம் ஆண்டு முதல் பாஸ்கல் என்னும் பெயரே உலகெங்கும் வழங்கி வருகின்றது. இந்நாளில் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் நீர்மூழ்கிப் பம்புகள் வந்துவிட்டன. அவை நீரின் அடியிலேயே இருந்து நீரை மேலே தள்ளுகின்றன; உறிஞ்சும் எல்லை அவற்றிற்குத் தடையாவதில்லை. எல்லை இன்னதென்று அறிந்தபின் அன்றோ அதனைக் கடக்கும் வழியும் பிறந்தது?

நெடுங்காலம் வழங்கியது என்பதாலேயே ஒரு கருத்தைப் பாஸ்கல் ஏற்கவில்லை. பழையது என்பதாலேயே அதனைத் தள்ளவும் இல்லை. குழாயும் பாதரசமும் கொண்டு இயற்கையையே வினவி, அது தந்த விடைக்குத் தலைவணங்கினார். நடக்கவும் இயலாத அவர் மலையுச்சியின் உண்மையைப் பாரிசில் இருந்தவாறே கண்டார். உடல் மெலிந்தாரேனும், உண்மையை நாடும் உறுதி மெலியாதவர் ஆயின் அரியவற்றைச் செய்து முடிக்கலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டு. கிணற்றடியில் பம்பு ஓடும் ஓசையைக் கேட்கும்போதெல்லாம் அப்பெரியாரை நினைத்தல் தகும்.